இணையப் பக்கத்திற்கு உறுப்புத் தேர்ந்த வரலாறு

நம் கல்லூரியிற் பன்னெடுங் காலமாகச் சேர்ந்து கிடக்கும் ஆண்டு மலர்களுக்கு ஓர் அட்டவணை அமைத்து, அதனை இணையத்தில் யாவரும் காணுமாறு வைத்தல் வேண்டுமென்று சென்ற ஆண்டு தமிழ்த் துறையார் எண்ணினர். அப்பணி மூவரைச் சார்ந்தது. இருவர் கணினித் துறை மாணவர்; மூன்றாமவன் யான். தலைப்புகளைப் பிழையறப் பெயர்த்தெழுதுவதோடு என் தொழில் முடிந்துவிடும் என்றே பலரும் கருதினர். ஆனால் முதல் வாரத்திலேயே எழுந்த வழக்கு, எந்தக் காம்போனென்ட் லைப்ரரியைக் கொள்வது என்பதாயிற்று. அவ்வழக்கிலே தமிழ் மாணவன் ஒருவன் கூறுதற்கும் சில உண்டென்று கண்டமையால், இதனை நண்பர்கள் முன் வைக்கின்றேன்.

காம்போனென்ட் லைப்ரரி யாதெனின், இணையப் பக்கத்திற்கு வேண்டும் பொத்தான், தேடற்பெட்டி, விரியும் பட்டியல், மேலெழுந்து வரும் சிறு சாளரம் முதலியவற்றை ஒருசாரார் முன்னரே செய்து வைத்திருக்க, ஏனையோர் எடுத்துத் தம் பக்கத்திற் பொருத்திக்கொள்ளும் தொகுதியாம். கதவு செய்யும் தச்சன் கீலைத் தானே அடியாது கடையில் வாங்குதல் போல்வது. இதனை உறுப்புத் தொகுதி என்பேன். தொல்காப்பியர் செய்யுளுக்கு 34 உறுப்புக் கூறினாராதலின், அப்பெயர் நமக்குப் புதிதன்று.

இவற்றுள் மிகப் பரவியது பூட்ஸ்டிராப். ட்விட்டர் நிறுவனத்திற் பணிபுரிந்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் என்னும் இருவர் தம் அலுவலகத் தேவைக்கென இயற்றிப் பின் 2011 ஆகஸ்டில் உலகிற்கு வழங்கினர். 2014-இல் கூகுள் நிறுவனம் மெட்டீரியல் டிசைன் என்னும் தோற்ற விதிகளை வெளியிட, அவற்றைத் தழுவி, ரியாக்ட் கொண்டு எழுதுவார்க்கென மெட்டீரியல் யூஐ எழுந்தது. சீன நாட்டின் ஆன்ட் குழுமம் ஆன்ட் டிசைன் என்பதனைத் தந்தது. ரேடிக்ஸ் என்பது பிறிதொரு நெறி. உறுப்பின் நடத்தையை மட்டும் அளித்து, நிறத்தையும் வடிவத்தையும் நமக்கே விட்டுவிடும்.

ஆன்ட் டிசைனைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 2018-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, அதனைக் கைக்கொண்டிருந்த பக்கங்கள் பலவற்றிற் பொத்தான்களின் தலையிற் பனி படிந்து தோன்றியது. இயற்றியோர் விளையாட்டாக நிரலுள் மறைத்து வைத்த வேலை அது. பக்கத்திற்கு உரியவர் பலர் அதனை முன்னர் அறியார். தம் தலைவர்க்கும் வாடிக்கையாளர்க்கும் விடை கூற இயலாது திகைத்தனர். இயற்றியோரும் பின்னர் வருத்தம் தெரிவித்தனர். யான் அத்திருநாளைக் கொண்டாடும் குடியிற் பிறந்தவன். எனினும் பிறர் வாயிலில் அவரறியாது தோரணம் கட்டுதல் எனக்கு உவப்பன்று. பிறர் செய்த உறுப்பை ஏற்பவன் அவருடைய மனப்போக்கையும் உடன் ஏற்கின்றான் என்பதனை அன்று பலர் கண்டிருப்பர்.

எங்கள் மூவருள் மூத்தவர் ரியாக்டில் வல்லவர். அவர் விரும்பியது தோற்றப் பொலிவும் அசைவும் நிரம்பிய ஒரு பெருந்தொகுதி. "விரியும் பட்டியல் ஒன்றை நாமே செம்மையாகச் செய்ய முயன்றால் பருவத் தேர்வு வந்துவிடும், நூற்றுக்கணக்கானோர் உழைத்துத் திருத்திய பொருள் இருக்க, நீர் ஏன் தயங்குகின்றீர்?" என்றார். அவர் கூற்றிற் பொய்யில்லை. மேலெழும் சாளரம் ஒன்றினையே எடுத்துக்கொள்வோம். அது திறந்தவுடன் விசைப்பலகையின் கவனம் அதனுட் புகவேண்டும். டேப் விசையை எத்துணை முறை அழுத்தினும் பின்னுள்ள பக்கத்திற்கு நழுவலாகாது. எஸ்கேப் விசையால் மூடவேண்டும். மூடியபின் கவனம் முன்னர் அழுத்திய பொத்தானுக்கே மீளவேண்டும். இவை யாவும் கண்ணாற் காண்பார்க்குப் புலப்படா. சுட்டியைக் கையாள இயலாதார்க்கும் பார்வையற்றார்க்கும் இவையே வழி.

எங்கள் அட்டவணைக்கு அத்தகைய வாசகர் ஒருவர் முன்னரே இருந்தார். அவர் இக்கல்லூரியிற் பயின்று தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். முதுமையிற் பார்வையை இழந்தவர். தாம் மாணவராயிருந்தபோது மலரில் எழுதிய கட்டுரையை மீண்டுமொருமுறை கேட்டல் வேண்டுமென்பது அவர் விருப்பம். அவர் கணினியில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் உண்டு. அது பார்வையற்றவராகிய மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கி இலவசமாக வழங்கிய கருவி. திரையிலுள்ளதைக் குரலாற் படித்துக் காட்டுவது.

நண்பர் விரும்பிய தொகுதியில் ஒரு மாதிரிப் பக்கம் செய்து அவர் இல்லத்திற்குக் கொண்டு சென்றோம். கண்ணுக்கு அது மிக அழகியது. ஐயா காதாற் கேட்டார். தேடற்பெட்டியருகே "ஓப்பன்" என்றது. பின் "கிளியர்" என்றது. எதைத் திறப்பது, எதை அழிப்பது என்று கூறவில்லை. தலைப்புகளைத் தமிழ்க் குரலாற் படிக்கவுமில்லை. ஐயா சற்றே நகைத்து, "தம்பி, வீடு தமிழ் வீடு, வாயிற்காவலன் மட்டும் ஆங்கிலம் பேசுகின்றான்" என்றார்.

இதன் காரணம் ஆராயத்தக்கது. உறுப்புத் தொகுதிகளிற் கண்ணுக்குத் தெரியாத சொற்கள் பல உள. 2014-இல் உலகளாவிய வலை அமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட ஏரியா என்னும் விதிகளின்படி, ஒவ்வோர் உறுப்பும் தன் பெயரையும் நிலையையும் திரைவாசிப்பானுக்கு அறிவித்தல் கூடும். அப்பெயர்கள் இயல்பாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். நாமே தேடி மாற்றினாலன்றி மாறா. பக்கத்தின் தலையில் மொழி தமிழ் என்று குறியாவிடின், திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறுதற்கும் வழியில்லை. ஆகவே மறைசொற்களைத் தமிழாக்கும் பணி என்பால் வந்தது. "தேடவும்" என்பதா, "தேடுங்கள்" என்பதா, "தேடுக" என்பதா? வியங்கோளையே கொண்டேன். அது சிறியோர் பெரியோர் யாவர்க்கும் பொருந்தும். பொத்தானில் இடமும் குறைவாகக் கொள்ளும். ஆயினும் "பதிவிறக்குக" என்பது எவ்வாற்றானும் நீண்டே நின்றது.

எழுத்தின் வடிவும் ஒரு நியாயம் பேசிற்று. மெட்டீரியல் யூஐ தன் பொத்தான் சொற்களை இயல்பாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும். நம் எழுத்தில் அவ்வேற்றத்தாழ்வு இல்லாமையால் அது நமக்கு வீண். அதன் இயல்பெழுத்தாகிய ரோபோட்டோவிலே தமிழ் வடிவங்களும் இல்லை. வாசகர் கருவியிலுள்ள வேறோர் எழுத்துருவே வந்து நிற்கும். உயரம் இவ்வளவென்று கட்டிய பெட்டிகளில் மேலே ஈகாரச் சுழியும் கீழே உகரக் காலும் அறுபடுதலைச் சில மாதிரிகளிற் கண்டோம்.

இவற்றினும் பெரிய வினா, நாங்கள் மூவரும் பட்டம் பெற்றுச் சென்றபின் இதனைக் காப்பார் யார் என்பது. உறுப்புத் தொகுதிகள் விரைவில் உருமாறுவன. பூட்ஸ்டிராப்பின் நான்காம் பதிப்பு 2018-இலும் ஐந்தாம் பதிப்பு 2021-இலும் வந்தன. ஐந்தாவதில் இடப்பக்க வலப்பக்க இடைவெளிகளைக் குறித்த பெயர்களே மாறின. மெட்டீரியல் யூஐயும் 2021-இல் தன் நிரற்பொதிகளின் பெயரை மாற்றிக்கொண்டது. வேலையாட்கள் நிரம்பிய நிறுவனங்கள் இம்மாற்றங்களோடு உடனோடும். ஆண்டுதோறும் மாணவர் மாறும் கல்லூரிக்கு அஃது எளிதன்று. கட்டமைத்து அலமாரியில் வைத்த பழைய மலரோ, எவர் பதிப்பை மாற்றினும் திறந்தவுடன் படிக்கக் கிடைக்கின்றது.

ஆதலின் எங்களுக்கு மெய்யாக வேண்டுவன எவை என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு தேடற்பெட்டி, ஒரு பட்டியல், இரண்டு பொத்தான். இவை எச்டிஎம்எல் மொழியிலேயே உள; உலாவிகள் தாமே விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் இவற்றைப் பழக்கி வைத்திருக்கின்றன. மேலெழும் சாளரத்திற்கும் டயலாக் என்னும் உறுப்பு 2022 முதல் பெரிய உலாவிகள் அனைத்திலும் உண்டு. எங்களுக்கு அதுவும் வேண்டாவாயிற்று. தோற்றத்திற்கு மட்டும் பூட்ஸ்டிராப்பின் நடைத்தாளைக் கொண்டு, அதன் அசைவு நிரல்களை விடுத்தோம். விடுதி உணவுக் கணக்குப் போன்று நாளும் பலர் புகுந்து மாற்றும் பக்கமாயின் யான் ரேடிக்ஸின் பக்கமே நின்றிருப்பேன். அத்தகைய சிக்கலான நடத்தையை நாமே எழுதப் புகுதல் பேதைமை. நண்பர் இன்றும் எங்கள் பக்கம் அரசாங்கப் படிவம் போலிருக்கிறதென்கிறார். அதனை முற்றிலும் மறுத்தற்கில்லை.

இரண்டாம் முறை சென்றபோது ஐயா தாமே தம் பெயரைத் தட்டித் தேடினார். குரல் "ஒரு கட்டுரை" என்று கூறி அதன் தலைப்பைப் படித்தது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு தம் வகுப்புத் தோழர் ஒருவர் பெயரைத் தட்டினார். அதுவும் கிடைத்தது. மூன்றாவது பெயர் கிடைக்கவில்லை. அவர் புனைபெயரில் எழுதினவராம். புனைபெயர்களுக்கெல்லாம் இயற்பெயர் காட்டும் பட்டியல் ஒன்று வேண்டுமென்று ஐயா கட்டளையிட்டார். அவர் சொல்லச் சொல்ல இதுவரை பதினொரு பெயர் எழுதியிருக்கின்றேன்.