ஈரம் பட்ட அலுமினியம்

கே.எஸ். கிருஷ்ணன் எங்கள் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். 1923-இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராயத் தொடங்கினார். 1928-இல் நேச்சர் இதழில் வந்த புகழ்பெற்ற குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. 1922-இல் அதே கல்கத்தாவுக்குத்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனார்கள். அந்த இரண்டு பயணங்களின் பலனும் எங்கள் வீட்டில் உண்டு. அம்மா கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிறாள். நான் ஒளிச்சிதறலில் ஆய்வு செய்கிறேன்.

மெருகேற்றிய அலுமினியத் தகட்டின் மேல் லேசரை விழவைப்பதுதான் என் வேலை. தகடு சுத்தமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் போய்விடும். பக்கவாட்டில் இருக்கும் உணர்கருவிக்குக் கிட்டத்தட்ட இருட்டு. காற்றில் ஈரம் ஏற ஏறத் தகட்டில் துகள்கள் முளைக்கும், பக்கவாட்டு வெளிச்சம் கூடும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் சிதறும் ஒளி 64 மடங்காகும். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியும் இதில் அகப்படும்.

அலுமினியத்துக்குச் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு போர்வை உண்டு. அதுதான் காப்பு. பவுடரில் ஈரம் பட்டு அது குலைந்தால் ஹைட்ராக்சைடு வளரும், ஹைட்ரஜன் வரும், கூடவே சூடும். நைட்ரேட் கலந்த மருந்துக்குள் அந்தச் சூடு அடைபட்டால் தானே தீப்பற்றலாம். கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பது இதை அடக்கத்தான்.

அம்மாவுக்கு இது வேறு விதமாகத் தெரியும். “மருந்து கெட்டா கைக்குத் தெரிஞ்சிரும்ப்பா. வெதுவெதுன்னு இருக்கும், மூக்குல சுள்ளுன்னு ஏறும்.” மூக்கில் ஏறுவது நைட்ரேட்டிலிருந்து வரும் அம்மோனியா. அவள் சொல்வது சரி. ஆனால் கை சூட்டை அறியும் நேரத்தில் கையும் அங்கேதான் இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

குவித்த பவுடரில் என் முறை உதவாது. எல்லாத் துகளும் ஒளியை வாரியிறைக்கும். புதிதாக முளைத்ததைப் பிரித்தறிய முடியாது. பவுடர் அறையில் ஒரு மெருகுத் தகட்டை வைத்து, தினமும் காலையில் வெளியே எடுத்துவந்து பார்க்கலாம். கலவைக்குள் நடப்பதை அது சொல்லாது. அறைக்குள் ஈரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“தகடு கெட்டுப்போச்சுன்னா அன்னைக்கு வேலை கெடையாதா?”

“ஆமாம்மா.”

“அப்பக் கூலி?”

அவளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. மருந்து கலக்காத நாளில் எண்ண எதுவும் இல்லை. கூலி போகும் என்றால் தகடு சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். தகட்டைப் பற்றி எழுதப்போகும் திட்டத்தில், லேசரின் விலைக்கு மேலே, அந்த ஒரு நாள் கூலியை எழுதி வைத்திருக்கிறேன்.