மௌனமும் ஒரு கோபுரமும்

விமான நிலையத்துக் கண்ட்ரோல் டவரில் ஒரு விளக்குத் துப்பாக்கி இருக்கும். துப்பாக்கி என்பது ஆங்கிலத்தில் வைத்த பெயர். பார்ப்பதற்குக் கார் விளக்கு ஒன்றைக் கழற்றிப் பிடி வைத்தது போலத்தான் இருக்கிறது. ரேடியோ இல்லாத, அல்லது ரேடியோ செத்துப்போன விமானத்தோடு டவர் பேச இதுதான் வழி. இதன் பாஷையில் மொத்தம் ஆறு சொற்கள். பச்சை நிலையாக எரியும், அல்லது விட்டுவிட்டு எரியும். சிவப்பும் அப்படியே. வெள்ளை விட்டுவிட்டு மட்டும். ஆறாவதாக, சிவப்பும் பச்சையும் மாறிமாறி வருவது. நிலையான பச்சை, தரையில் இருப்பவனுக்கு 'கிளம்பு'. வானில் இருப்பவனுக்கு அதுவே 'இறங்கு'. நிலையான சிவப்பு தரையில் 'நில்'. வானில் யாரும் நிற்க முடியாதாகையால் அங்கே அதற்கு 'மற்றவனுக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு' என்று பொருள்.

கேட்பவன் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரே சொல் வேறு சொல்லாகிவிடுகிறது. கவிதையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது பிடித்த விஷயம். சொற்களுக்கு இடையிலுள்ள மௌனம், சொல்லாமல் விட்டது, மௌனத்தின் வாசல் என்றெல்லாம் நம் சிறுபத்திரிகைகளில் எழுதியாகிவிட்டது. பக்கம் பக்கமாகச் சத்தம் போட்டு மௌனத்தைப் போற்றியவர்கள் நாம். ஆறு சொல் பாஷை ஒன்றை ஒரு பிற்பகல் முழுக்க உபயோகித்தவன் என்ற முறையில், இந்தப் பக்தியைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ரேடியோ பின்னால் வந்தது. 1929-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, குடிதண்ணீர், குறிப்பு நோட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதை ஓரத்துக்குப் போவார். கையில் இரண்டு கொடிகள். சிவப்புக் கொடி காட்டினால் நிற்க வேண்டும், கட்டம் போட்ட கொடி காட்டினால் போகலாம். அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே, 1930-ல், கிளீவ்லாண்டில் ரேடியோ வைத்த டவர் வந்துவிட்டது. கொடிகள் போய்விட்டன. விளக்கு மட்டும் கொடிகளின் வாரிசாக இன்றும் டவரில் இருக்கிறது. கிராமத்து வீட்டில் மின்சாரம் வந்த பிறகும் மாடத்தில் ஒரு அரிக்கேன் இருப்பது போல.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்குப் பிறகு. கற்றதில் கடினமானது இறங்குவது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ரேடியோவில் பேசுவதாக இருந்தது. டவர் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டும். அதிலுள்ள எண்களை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்வேன். 'மறுபடி சொல்' என்று வரும். மறுபடி சொல்வேன். இதற்குள் அந்த அலைவரிசையில் காத்திருக்கும் நாலு விமானிகள் என் நாக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவகுப்பில் வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்த பையன் எழுந்து பாடம் வாசிக்கும் ஸ்திதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா நாட்டு நாக்குக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் எண்களுக்கு உச்சரிப்பு வகுத்து வைத்திருக்கிறது. மூன்றை 'ட்ரீ' என்று சொல்ல வேண்டும். ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்', ஆயிரம் 'டௌசண்ட்'. எங்கள் ஊர் டிக்கெட் கவுண்டர்க்காரர் இங்கிலீஷ் பேசினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நான் சிரமப்பட்டுச் சம்பாதித்த 'த்ரீ'யையும் 'தௌசண்ட்'டையும் விட அவர் உச்சரிப்புதான் சட்டப்படி சரி. அமெரிக்க விமானிகள் இதில் 'நைனர்' ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டவர் உள்ள ஒரு நிலையத்துக்குப் பழைய செஸ்னா 150-ல் போய், திரும்ப வேண்டியிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் ரேடியோ எழவில்லை. காதுக்கருவியில் வழக்கமாகக் கேட்கும் இரைச்சல்கூட இல்லை. பழுது பார்க்கும் கடை பூட்டியிருந்தது. டவர் இல்லாத நிலையமாக இருந்தால் கவலையே இல்லை. இங்கே பொதுமக்கள் உபயோகத்துக்குள்ள நிலையங்கள் சுமார் 5000. டவர் உள்ளவை 500-க்குச் சற்று மேல். மற்றவற்றில் பெரும்பாலும் ரேடியோ வேண்டும் என்று சட்டமே கிடையாது. 1930-களிலும் 40-களிலும் செய்த பைப்பர் கப் போன்ற மின்சாரமே இல்லாத விமானங்கள், கையால் விசிறியைச் சுழற்றிக் கிளப்பி, இன்றும் அங்கே பறக்கின்றன. டவர் உள்ள இடத்தில் மட்டும் பேசாமல் நகரக் கூடாது. அதற்கும் விதி ஒரு சந்து விட்டிருக்கிறது: டெலிபோனில் டவரைக் கூப்பிட்டு, ரேடியோ இல்லாமல் கிளம்ப முன்னனுமதி கேட்கலாம்.

ஆக, ஊமையாகப் போவதற்கு முதலில் வாயைத் திறந்து அனுமதி வாங்க வேண்டும். வாங்கினேன். எந்த ஓடுபாதை, கிளம்பியபின் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் போனிலேயே பேசிக்கொண்டோம். மற்றதெல்லாம் விளக்கு சொல்லும். புரிந்ததற்கு அடையாளமாக இறக்கையின் பின்னோரத்திலுள்ள அசையும் பலகைகளையோ வால் சுக்கானையோ ஆட்டினால் போதும். இரவாக இருந்தால் விமானத்தின் விளக்கைச் சிமிட்ட வேண்டும்.

விட்டுவிட்டுப் பச்சை வந்தது. பலகைகளை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். நல்ல வெயிலில் அந்தப் பச்சை அப்படியொன்றும் பிரகாசமில்லை, தேடுகிறவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஒளி மிகக் குறுகலாக வருகிறது. என்னைக் குறிவைத்து அனுப்பினால் எனக்கு மட்டும்தான் அது சொல். ரேடியோவில் என்னை என் விமானத்தின் எண்ணால் கூப்பிடுவார்கள். இங்கே எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. பார்வை என் மேல் விழுந்திருக்கிறது என்பதே விளி. பலகையை ஆட்டியபோது 'மறுபடி சொல்' என்று யாரும் கேட்கவில்லை. அலுமினியத்துக்கு உச்சரிப்பு கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்த டவரோடு நான் பிசிறில்லாமல் பேசியது அன்றுதான் என்று பட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

ஓடுபாதை விளிம்பில், டவர் கண்ணில் படுகிற மாதிரி மூக்கைத் திருப்பி நிறுத்திக்கொண்டு இஞ்சினை 1700 சுற்றுக்கு ஏற்றிச் சோதித்தேன். நிலையான சிவப்பு. காத்திருந்தேன். ஒரு சின்ன விமானம் இறங்கியது. வியாபாரிகளின் ஜெட் ஒன்று கிளம்பிப் போயிற்று. அப்போதுதான் உறைத்தது. ரேடியோ இருந்திருந்தால் இவற்றுக்கு முன்கதை இருந்திருக்கும். கிழக்கே நாலு மைலில் ஒருவன் வருகிறான், அவனுக்குப் பின்னால் மாணவன் ஒருவன் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று, எனக்குச் சொல்லப்படாத பேச்சுகளைக் கேட்டுக்கேட்டே தலைக்குள் ஒரு வரைபடம் தயாராகிவிடும். விமானியின் பத்திரம் பாதி இந்த ஒட்டுக்கேட்பதில் இருக்கிறது. தெருத்திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர்ச் சங்கதி தெரிவது போல. விளக்கில் ஊர் இல்லை. டவர் இருக்கிறது, நான் இருக்கிறேன். மற்ற விமானங்கள் எங்கிருந்தோ திடீரென்று முளைத்து, திடீரென்று மறைகின்றன.

பிறகு சிவப்பும் பச்சையும் மாறிமாறி வந்தன. மிகுந்த எச்சரிக்கை. எதைப் பற்றி? பாஷையில் அதற்கு இடமில்லை. இந்தச் சமிக்ஞை தடையுத்தரவு அல்ல. இதைத் தொடர்ந்து வேறெதுவும் வரலாம். தொடர்ந்து நிலையான பச்சை வந்தது. ஜாக்கிரதை, கிளம்பு. முன்னால் போன ஜெட் விட்டுச்சென்ற காற்றுச் சுழல் என்றால், அது தரையை விட்ட இடத்துக்கு முன்பாகவே நான் எழும்பி அதன் பாதைக்கு மேலே இருக்க வேண்டும். ஓடுபாதையில் மிருகம் என்றால் கிளம்பவே கூடாது. பறவை என்றால் கண் வானத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அபாயத்துக்கும் ஜாக்கிரதை வேறு. பெயர் இல்லாத ஜாக்கிரதை வெறும் பயம். பலகைகளை ஆட்டினேன், ஆட்டினால் 'சரி' என்று அர்த்தம். 'என்ன விஷயம்?' என்று கேட்க எந்தப் பலகையை ஆட்டுவது? ஓடுபாதை முழுவதும் கண்ணால் துழாவிவிட்டு, சுழல் அடங்கப் பொறுத்து, மூன்றுக்கும் தயாராகக் கிளம்பினேன். தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில், இடதுபுறம் குட்டையோரப் புல்லிலிருந்து கனடா வாத்துக் கூட்டம் ஒன்று எழும்பிற்று. தூரத்தில்தான். வீட்டுக்கு வந்து நன்றி சொல்லப் போன் செய்தபோது, டவர்க்காரர் வாத்துகளைத்தான் சொன்னதாகச் சொன்னார். ஒரே ஒரு சொல்.

ஆறு சொல் பாஷையின் கட்சிக்காரர்கள் டெனரீஃபை எடுத்துக்காட்டலாம். 1977 மார்ச் 27 அன்று அந்தத் தீவின் லோஸ் ரோடியோஸ் நிலையத்தில் இரண்டு 747 ஜம்போ ஜெட்டுகள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் செத்தார்கள். கே.எல்.எம். விமானத்திலிருந்து வந்த ஒரு அரைகுறை வாக்கியத்தை, அவர்கள் கிளம்பும் இடத்தில் காத்திருப்பதாக டவர் எடுத்துக்கொண்டது. அவர்களோ ஓட ஆரம்பித்திருந்தார்கள். டவர் 'ஓகே' என்று ஆரம்பித்து, 'காத்திரு' என்று முடித்தது. அதே நொடியில் பான் ஆம் விமானமும், தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்னது. இரண்டு குரல்களும் ஒரே அலைவரிசையில் முட்டியதில் கே.எல்.எம். அறைக்குள் கேட்டது ஒரு கீச்சுச் சத்தம். 'ஓகே' மட்டும் தப்பிப் போய்ச் சேர்ந்தது. பச்சை விளக்கில் இந்தத் தகராறுக்கே இடமில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் அன்றைய மூடுபனியில் டவரிலிருந்து ஓடுபாதையே தெரியவில்லை; விளக்கும் தெரிந்திராது. அதற்குப் பிறகு செய்த சீர்திருத்தத்தை நாம் கவனிக்க வேண்டும். யாரும் பேச்சைக் குறைத்துவிட்டு விளக்குக்குத் திரும்பவில்லை. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் தவிர வாயில் எடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். ஒரு சொல்லுக்கு வேலி கட்டினார்கள். விமர்சகர்களால் ஆகாத காரியம்.

ரேடியோ பாஷையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'அனேபிள்'. இயலாது. காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய நிலையத்து டவராக இருந்தாலும், பயிற்சி விமானத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் மாணவன் இந்தச் சொல்லைச் சொல்லலாம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில், இதே கனடா வாத்துகள் இரண்டு இஞ்சின்களுக்குள்ளும் புகுந்துவிட, ஏர்பஸ் ஒன்று 155 பேரோடு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் ஓடுபாதைகளைத் தரத் தர, அதன் கேப்டன் சல்லன்பர்கர் சொன்ன பதில் இந்தச் சொல்தான். சொல்லிவிட்டு ஹட்சன் ஆற்றில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். விளக்கின் பாஷையில் இதற்குச் சமமான அசைவே கிடையாது. பலகையை ஆட்டினால் சம்மதம். ஆட்டாமல் இருந்தால், பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி விளக்கைக் காட்டுவார்கள். மறுக்கிறவனுக்கும் குருடனுக்கும் வித்தியாசம் தெரியாத பாஷை அது. சம்மதிக்க மட்டுமே தெரிந்த மௌனத்தை நம் வீடுகளிலும் ஆபீஸ்களிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை ஆழம் என்று சொல்லிக் கவிதையில் உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரேடியோவைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்புறம் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. அரைமணி நேர வேலை. அடுத்த சனிக்கிழமை அதே டவரைக் கூப்பிட்டு, நான் யார், எங்கிருக்கிறேன், எவ்வளவு உயரத்தில் என்று சொன்னேன். 'மறுபடி சொல்' என்றார்கள். சொன்னேன்.