சொல்லிடாதேடா!

ஓட்டலில் சாம்பார் உப்புக் கரிக்கிறது. என்ன செய்வீர்கள்? சர்வரைக் கூப்பிட்டுச் சொல்வீர்கள். கொஞ்சம் கோபக்காரர் என்றால் முதலாளியைக் கூப்பிடச் சொல்வீர்கள். அதுவும் சரிப்படவில்லையா, அடுத்த வாரம் எதிர் ஓட்டலுக்குப் போய்விடுவீர்கள்.

இப்போது மூன்றே மூன்று விஷயங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். பில் உங்கள் பேரில் இல்லை, நியூஜெர்சியில் இருக்கிற உங்கள் பையன் பேரில் இருக்கிறது. எதிர் ஓட்டல் என்று ஒன்று கிடையாது. சாம்பார் ஊற்றுகிற அதே அம்மாதான் நாளைக் காலையில் உங்களைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது வாயைத் திறப்பீர்களா?

என் அத்தை திறக்கவில்லை. அப்பாவின் அக்கா. 82 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ட்ரங்க் கால் காலத்தில் பெரிய பெரிய அதிகாரிகளையே ‘லைன்ல இருங்க’ என்று அதட்டிய குரல் அது. மூன்று வருஷமாக, சென்னைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இலவச இல்லம் இல்லை, மாதம் 30 ஆயிரம் ரூபாய் வாங்குகிற இடம். வாசலில் பிள்ளையார், சுற்றிலும் வேப்பமரம், தரையெல்லாம் பளபள டைல்ஸ். பார்க்க வருகிறவர்கள் ‘அடடா, நாமளே வந்து இருந்துடலாம் போல’ என்பார்கள். சொல்லிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

நான் ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு ஏழரை வரைக்கும் இருந்தேன். ஹாலில் விளக்கு அணைந்துவிட்டது. அத்தை என் பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “பிஸ்கட் கிஸ்கட் ஏதாவது வச்சிருக்கியாடா?”

ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது. இரண்டு இட்லி அல்லது ஒரு கரண்டி உப்புமா. காலை காபி ஏழு மணிக்கு. நடுவில் 13 மணி நேரம் ஒன்றும் இல்லை. அத்தைக்குச் சர்க்கரை. சாயங்காலம் இன்சுலின் போடுகிறார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டவர் வயிற்றைக் காயப் போட்டால், ராத்திரி சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, நினைவே தப்பிப் போகலாம். இதற்கு டாக்டருக்குப் படித்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காரர் இருக்கிற எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம்தான்.

“மேனேஜர்கிட்ட நான் பேசறேன் அத்தை” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லிடாதேடா. நீ சொல்லிட்டுப் போயிடுவே. நாளைக்கு இவங்க கையாலதான் நான் எழுந்து நிக்கணும்.”

இதை மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். அங்கே யாரும் அத்தையை மிரட்டவில்லை, அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. முதியோர் இல்லம் என்றால் பத்திரிகைகளில் நாங்கள் எழுதுவது இரண்டே வகைதான். ஒன்று, பெற்றவளைத் தவிக்கவிட்ட பிள்ளை என்கிற கண்ணீர்க் கதை. இன்னொன்று, போலீஸ் ரெய்டு. இரண்டுக்கும் நடுவில், நல்லவர்கள் நடத்துகிற சுமாரான இல்லங்களில், பசியோடு பேசாமல் படுத்துக்கொள்கிறவர்கள் பற்றி எழுத ஒன்றும் இல்லாதது மாதிரி இருக்கிறோம்.

‘பிடிக்கலைன்னா இடத்தை மாத்திட வேண்டியதுதானே?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நான் பி.காம். பேப்பரை வாங்கிக் கணக்குப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. அத்தானிடம் சொல்லி ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன்.

டெபாசிட் 8 லட்சம் ரூபாய். வட்டி கிடையாது. அதிலும் வருஷத்துக்கு 10 சதவிகிதம் கட்டடப் பராமரிப்புக்கு என்று கழித்துக்கொள்வார்கள். வங்கியில் 7 சதவிகிதத்துக்குப் போட்டிருந்தால் வருஷம் 56 ஆயிரம் வந்திருக்கும். கழிவது 80 ஆயிரம். இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11 ஆயிரத்துச் சொச்சம். ஆக, 30 ஆயிரம் என்று நினைத்துக் கட்டுவது உண்மையில் 41 ஆயிரம். முதல் வருஷத்தில் வெளியேறினால் டெபாசிட்டில் பாதிதான் திரும்பும். அங்கே இங்கே மாற்றிக்கொள்ள இது செல்போன் கம்பெனி இல்லை.

அதைவிட ஒரு வேடிக்கை. பதினெட்டு ஷரத்துகளில் அத்தை பேர் ஒரே இடத்தில்தான் வருகிறது, ‘உறைபவர்’ என்று. மற்ற எல்லா இடத்திலும் ‘ஸ்பான்சர்’. ஸ்பான்சர் என்றால் அத்தான். புகார் எதுவாக இருந்தாலும் ஸ்பான்சர் எழுத்து மூலமாக, ஈ-மெயிலில் அனுப்ப வேண்டும். கிரிக்கெட் மேட்சுக்குத்தான் ஸ்பான்சர் கேள்விப்பட்டிருக்கிறோம், அம்மாவுக்குமா? இத்தனைக்கும் அத்தையின் பென்ஷன் மாதம் 26 ஆயிரத்தைத் தாண்டும். அது அப்படியே இல்லத்துக்குப் போகிறது. அத்தான் போடுவது மீதி நாலாயிரத்துக்கும் குறைவு. முக்கால்வாசிக்கு மேல் தன் காசில் சாப்பிடுகிற மனுஷிக்கு, பசிக்கிறது என்று சொல்ல அந்தப் பேப்பரில் ஒரு வரி இல்லை.

வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு ‘சின்னையா எதிர் ராமய்யா’ ஞாபகம் இருக்கும். 1882-ம் வருஷத்து மெட்ராஸ் ஹைகோர்ட் வழக்கு. ஒரு பாட்டி தன் நிலத்தை மகளுக்கு எழுதி வைக்கிறார். ஒரே நிபந்தனை, தன் உடன்பிறப்புக்கு வருஷா வருஷம் 653 ரூபாய் கொடுத்து வர வேண்டும். மகளும் அப்படியே எழுதிக் கொடுக்கிறார். பிறகு, கொடுக்கவில்லை. ‘நீங்கள் எனக்கு என்ன தந்தீர்கள், நான் உங்களுக்குத் தருவதற்கு?’ என்பதுதான் கோர்ட்டில் மகள் தரப்பு வாதம். கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. பிரதிபலனை யார் கொடுத்தால் என்ன, வாக்குக் கொடுத்தாயே, கொடு என்றது. பரீட்சைக்காக உருப்போட்ட அந்த வழக்கில் இருப்பது ஒரு வயதானவரின் வருஷாந்திரச் சோற்றுக் காசு என்பது இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நுகர்வோர் சட்டமும் இதையே சொல்கிறது. காசு கட்டியவர் மட்டும் நுகர்வோர் அல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். 1986 சட்டத்தில் இருந்தது, 2019-ல் வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. ஆக, ‘ஸ்பான்சர் வரட்டும்’ என்று இல்லத்துக்காரர் சொன்னாலும், அத்தை நேரே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். போகலாம்தான். செல்போனையே ஆபீஸ் ரூமில் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருகிற இடத்தில், அந்த டெலிபோன் ஆபரேட்டர் எப்படிப் போவார் என்பதுதான் கேள்வி.

சரி, பெரியவர்களுக்கென்றே 2007-ல் ஒரு சட்டம் வந்ததே? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். நல்ல சட்டம். ஆர்.டி.ஓ. தலைமையில் தீர்ப்பாயம். மாவட்ட சமூக நல அலுவலர், பெரியவர் விரும்பினால் அவர் சார்பில் அங்கே ஆஜராகலாம். மாதம் 10 ஆயிரம் வரை ஜீவனாம்சம். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் முழுக்கப் பிள்ளைகள் மேலேயே இருக்கிறது. பிள்ளை சோறு போடவில்லை என்றால் கேட்கலாம். பிள்ளை பணம் கட்டிய இடத்தில் சோறு பற்றவில்லை என்றால்? இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றெல்லாம் சேர்த்து 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். நிலைக்குழுவுக்குப் போனது. 2024-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் கூடவே காலாவதியானது. அதற்காக யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை.

14567 என்று ஒரு எண் இருக்கிறது. எல்டர்லைன். காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை, இலவசம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா பக்கத்தில் போன் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் எனக்கு வழி சொன்னது, யாரை எதிர்பார்க்கவில்லையோ அவர். அத்தானின் மனைவி, எனக்கு அக்கா முறை. நியூஜெர்சியில் அவர் வாரத்தில் ஒரு நாள், அங்கே உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போகிறாராம். உறவுக்காரர் யாரும் அங்கே இல்லை. வேலையே கேட்பதுதான். அறை அறையாகப் போய், ‘எப்படி இருக்கீங்க, மணி அடிச்சா வர்றாங்களா, தூங்க முடியுதா?’

அமெரிக்காவில் இதற்கு ஆம்புட்ஸ்மன் என்று பேர். ஓம்பட்ஸ்மன் என்றும் நம் பேப்பர்களில் எழுதுகிறோம், நமக்கு அது பேங்க் தகராறுக்குத்தான் தெரியும். 1972-ல் ஒரு சில மாநிலங்களில் பரீட்சார்த்தமாக ஆரம்பித்து, 1978-ல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். சம்பளக்காரர்கள் கொஞ்சம், மற்றபடி ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். 1987-ல் வந்த இன்னொரு சட்டம், ஊழியர்களின் வசதிக்காக யாரையும் கட்டிலோடு கட்டிப்போடக் கூடாது என்பதிலிருந்து, இல்லவாசிகள் தங்களுக்குள் கூடிப் பேசலாம் என்பது வரைக்கும் உரிமையாகவே எழுதி வைத்தது. அதனால் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் அந்த ஊர் முதியோர் இல்லங்களில் என்ன நடந்தது என்று உலகமே பார்த்தது.

அக்கா சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “நாங்க பேசறது இல்லத்துக்காகவும் இல்ல, பையனுக்காகவும் இல்ல. அங்க இருக்கறவங்களுக்காக மட்டும். அவங்க சரின்னு சொன்னாத்தான் புகார். வேண்டாம்னா வேண்டாம். அவங்க பேரைச் சொல்லலாமான்னும் கேட்டுக்கணும். நீ கோபத்துல போய்க் கத்திட்டு வந்துடாதே.”

“உங்க மாமியாருக்கு நீங்க இதைக் கேட்டிருக்கீங்களா அக்கா?” என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “கேட்டேன். என்கிட்ட சௌகரியமா இருக்கேன்னுதான் சொல்றாங்க” என்றார். மருமகளிடம் எந்த மாமியார் பசிக்கிறது என்று சொல்வார்?

அத்தையிடம் கேட்டேன். “உங்க பேரே வராம, பொதுவா கேட்கலாமா?” இரண்டு ஞாயிற்றுக்கிழமை யோசித்தார். மூன்றாவது வாரம், “எல்லாருக்கும் சேர்த்துக் கேளு. எனக்கு மட்டும்னு கேட்காதே” என்றார்.

மேனேஜர் நல்ல மனிதர். ஆறு மணிச் சாப்பாட்டுக்கு அவரிடம் காரணம் இருந்தது. சமையல்காரம்மாவுக்கு ஏழு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. ராத்திரியில் 42 பேருக்கு இரண்டே ஆயாக்கள், பன்னிரண்டு மணி நேர டூட்டி. அந்த இரண்டு பெண்களின் சம்பளத்தை விசாரித்தேன். அதைக் கேட்டபிறகு, அவர்கள் சிரித்த முகத்தோடு இருப்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை செய்கிறவரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, படுத்திருக்கிறவருக்கு மட்டும் அன்பு சுரக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

“ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால், ரெண்டு பிஸ்கட். சர்க்கரைக்காரங்க எத்தனை பேர் சார் இங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“பாதிக்கு மேல. ஆனா ஒரு நாளைக்கு 600 ரூபாய் ஆகும் சார்.”

மாதம் 18 ஆயிரம். வரும்படி 42 பேர், தலைக்கு 30 ஆயிரம், ஆக 12 லட்சத்து 60 ஆயிரம். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. அவர் மேஜை மேலிருந்த கால்குலேட்டரிலேயே போட்டுக் காண்பித்தேன். பன்னிரண்டாம் நாள் பால் வந்தது. ‘புதிய சேவை’ என்று நோட்டீஸ் போர்டில் எழுதிக்கூடப் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

செல்போன் இன்னும் ஆபீஸ் ரூமில்தான் இருக்கிறது. ‘தொலைச்சுட்டா யார் பொறுப்பு?’ என்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கிருப்பவர்கள் கூடிப் பேச அரை மணி நேரம், மேனேஜர் இல்லாமல், என்று கேட்டிருக்கிறேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த தடவை பழம் வாங்கிக்கொண்டு பகல் மூன்று மணிக்குப் போகாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். போன் கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்காத இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ‘சௌகரியமா இருக்கீங்களா?’ என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். ‘நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும் கேளுங்கள்.

அத்தையின் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருக்கிறார். அவரைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, நான் கிளம்பும்போது, “தம்பி, பால் நீங்க சொல்லித்தான் வந்துச்சாமே” என்று கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடி உடைந்து நாலு மாதம் ஆகிறதாம். பேப்பர் படிக்க முடியவில்லை, எதிரில் வருகிறவர் ஆயாவா நர்ஸா என்றே தெரியவில்லை என்றார். “நான் கேட்கலாமா, உங்க பேரைச் சொல்லலாமா?” என்றேன். “சொல்லுங்க, எனக்கு என்ன பயம்?” என்றார்.

சொன்னேன். ஸ்பான்சரிடமிருந்து மெயில் வர வேண்டும் என்றார்கள். அந்த மகனுக்கு இல்லத்திலிருந்தே மெயில் அனுப்ப வைத்தேன். ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஞாயிறு வரைக்கும் பார்த்துவிட்டு, அந்த அம்மா சரி என்றால், கண் டாக்டரை நானே கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அதற்கும் ஸ்பான்சர் கையெழுத்து வேண்டும் என்பார்களோ என்னவோ.