பொது நிலம் யாருக்கு நிலம்?

பொது என்ற சொல் இனிய சொல். பொதுக்கிணறு, பொதுச்சாலை, பொதுப்பள்ளி என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால், ஒன்றைப் பொது என்று ஏட்டிலே எழுதிவிட்டால் போதுமா? அதன் பலன் எவருக்கு, பாரம் எவர் தலையில் என்று கேட்க வேண்டாமா?

அமெரிக்க நாட்டிலே வயோமிங் என்றொரு மாநிலம். அதன் நிலத்தில் ஏறத்தாழப் பாதி, மைய அரசின் பொது நிலம். அந்நிலத்தின் அருகே பைன்டேல் என்னும் சிற்றூர். 2000ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1,412 பேர் வாழ்ந்த ஊர். பக்கத்திலே நிலத்தடியில் எரிவாயு! துளையிடும் பொறிகள் வந்தன. பார வண்டிகள் வந்தன. வேலை தேடிப் பல ஊரார் வந்தனர். 2008இல், மேலும் 4,399 கிணறுகள் வரை தோண்டலாம் என்று மைய அரசின் நிலத்துறை இசைவளித்தது. 2010இல் ஊரின் தொகை 2,030. வேலை கிடைத்தது, வரிப்பணம் குவிந்தது; மறுப்பார் இல்லை.

வளத்தோடு வந்த மற்றொன்றையும் காண்போம். ஓசோன் என்னும் நச்சுக்காற்று பெருநகரங்களின் கோடைக்கால நோய் என்பர். பைன்டேலிலோ அது பனிக்காலத்திலே பிறந்தது! கிணறுகளும் பொறிகளும் கக்கிய ஆவிகளை, மேலே மூடியாய்க் கவிந்த வெப்பக்காற்று பள்ளத்தாக்கிலே அடைத்து வைத்தது. வெண்பனி ஞாயிற்றின் ஒளியைத் திருப்பி வீச, அந்த ஆவிகள் ஓசோனாயின. நூறு கோடிப் பங்கு காற்றில் 75 பங்கு என்பது அன்றைய வரம்பு. 2011 மார்ச்சிலே அது 124ஐத் தொட்டது. முதியோரும் குழந்தைகளும் வெளியே நடமாட வேண்டாம் என்று எச்சரிக்கை பிறந்தது. கள்ளமற்ற பனிவெளி கண்ணெதிரே. ஓடி விளையாடவோ தடை!

மான்களும் தப்பவில்லை. பனிக்காலத்தில் அங்கே தங்கும் நீள்காது மான்களின் தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்றது 2017இல் வெளிவந்த ஆய்வு.

இதை நாம் வகுப்பிலே சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "பொது நிலம்தானே ஐயா, ஊராரைக் கேட்டுத்தானே தோண்டியிருப்பார்கள்?"

கேட்டார்கள். கருத்துக் கூறச் சட்டம் இடம் தந்தது. மக்கள் எழுதினர், பேசினர். ஆனால் கேட்பது வேறு, கேட்டபடி நடப்பது வேறு. வரம்பை மீறிய காற்றுடைய பகுதி என்று மைய அரசே 2012இல் அறிவித்தது. ஏற்கனவே இயங்கிய கிணறுகளின் கசிவைக் கட்டுப்படுத்த மாநிலம் விதி செய்தது 2015இல். கிணறு முதலில், காவல் பிறகு! இந்த முறை தலைகீழானது.

எரிவாயுவே வேண்டாம் என்று நாம் கூறவில்லை; அடுப்பெரிக்கும் நாம் அப்படிக் கூறுவது பொருந்தாது. காற்றை அளந்துவிட்டுத் தோண்டு, கசிவை அடைத்துவிட்டுத் தோண்டு, அருகே வாழ்பவனின் சொல்லுக்கு எடை கொடுத்துவிட்டுத் தோண்டு என்கிறோம். எரிவாயுவின் விலை சரிந்தால் பொறிகள் வேறிடம் போகும். ஊர் எங்கே போகும்?

ஆதாயம் தொலைவிலும் இருமல் அருகிலும் இருக்குமானால், அந்நிலம் பெயரளவில்தான் பொது. மூச்சும் பொது என்று ஏற்கும் நாளில்தான் நிலமும் மெய்யாகப் பொதுவாகும்.