ஆயிரத்தின் எடை

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் நடந்து ஒரு சந்தினுள் திரும்பினால் நமது இல்லம். பணி ஓய்வு பெற்றதும் நகரத்து நெரிசல் வேண்டாமென்று இப்பகுதிக்குக் குடிவந்தோம். நெரிசல் நமக்கு முன்பே வந்து காத்திருந்தது. மலை சுற்ற வருவோர், மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டார், அவர்களை நம்பிப் பிழைக்கும் ஆட்டோக்காரர், தேநீர்க் கடைக்காரர் என்று பலதரப்பட்ட மக்கள். இவர்களுடைய சிறு குழந்தைகள் சிலர் அருகிலுள்ள ஒரு மழலையர் பள்ளியில் கூடுகிறார்கள். அங்கே ஆசிரியையாக இருப்பவள் நம் மகளின் மகள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். வணிகவியல் படிக்கட்டும் என்றார் அவள் அத்தா. அவளோ மனையியல் கல்லூரியில் சேர்ந்து குழந்தை வளர்ச்சியைப் பாடமாக எடுத்து, மழலையர் ஆசிரியை ஆகவேண்டும் என்றாள். நம் சமுதாயத்தில் பெண் கல்லூரிக்குப் போகலாமா என்ற வழக்கு, நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் 1955-ல் மகளிர் கல்லூரி தொடங்கிய காலம் முதல் மெல்ல மெல்லத் தீர்ந்துவந்த ஒன்று. ஆகவே கல்லூரியை எவரும் எதிர்க்கவில்லை. எதிர்த்தது இந்தப் படிப்பைத்தான். "பச்சப் புள்ளைங்களுக்கு மூக்குத் துடைக்கவா காலேஜு?" என்று கேட்டார் நம் வீட்டிலுள்ளவர். நாமும் எதிர்த்தவர்களுள் ஒருவரே, இதை மறைப்பதற்கில்லை. 34 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போதித்தவர் நாம். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் பெரிய வாத்தியார், ஒன்றாம் வகுப்புக்கு எடுப்பவர் சிறிய வாத்தியார், அதற்கும் கீழே இருப்பவர் வாத்தியாரே அல்லர் என்பது ஆசிரியர் ஓய்வறையின் எழுதாத சட்டம். அதை நாம் ஒருநாளும் ஐயுற்றதில்லை.

ஆயினும் அவள் சேர்ந்தாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். இத்தகைய கல்லூரிகளில் வேதியியல் மாணவிக்கு ஆய்வகம் இருப்பதுபோல, இவர்களுக்கு ஒரு மழலையர் பள்ளியே கல்லூரியோடு இணைந்திருக்கும். அங்கே ஒரு மூலையில் அமர்ந்து, ஒரே குழந்தையை அரைமணி நேரம் பார்த்து எழுத வேண்டும். "அவன் அடம்பிடித்தான்" என்று எழுதியிருந்தாள். விரிவுரையாளர் அதைச் சிவப்பு மையால் அடித்து, "இது உன் தீர்ப்பு, நீ கண்டதை எழுது" என்று ஓரத்தில் குறித்திருந்தார். அதன்கீழ் அவள் திருத்தி எழுதியது: பையன் தம்ளரிலிருந்து கிண்ணத்தில் நீர் ஊற்றினான்; ஆயா தம்ளரை வாங்க வந்தபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்; மீண்டும் ஊற்றினான்; ஏழாம் முறை ஒரு துளியும் சிந்தவில்லை; தம்ளரைத் தானே வைத்துவிட்டு எழுந்து போனான். நாம் அந்தப் பக்கத்தை இருமுறை படித்தோம். மக்குப் பையன், சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்று எத்தனை தீர்ப்புகளை 34 ஆண்டுகளில் எழுதியிருப்போம்! நம் கையிலும் சிவப்பு மைதான் இருந்தது.

இப்பயிற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டு மருத்துவர். 1907-ல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். அவர் தமது 69-ஆம் வயதில், 1939 நவம்பரில், பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940-ல் இத்தாலி போரில் குதித்ததும், இருவரும் பகை நாட்டவர் ஆயினர். மகனைச் சிறைவைத்தார்கள், தாய் சபையின் தோட்டத்தைவிட்டு வெளியேறத் தடை. அவருடைய 70-ஆம் பிறந்தநாளில்தான் ஆங்கில அரசு மகனை விடுவித்தது. பின்பு கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பயிற்றுவித்தார்.

அம்மையார் வகுத்த கருவிகளில் ஒன்றைப் பேத்தி வீட்டிற்குக் கொண்டுவந்தாள். ஒற்றை மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி. நூறு மணிகள் கொண்ட சதுரம். ஆயிரம் மணிகளால் ஆன கனசதுரம். "கையிலே வச்சுப் பாருங்க நன்னா" என்று ஒரு கையில் ஒற்றை மணியையும் மறு கையில் கனசதுரத்தையும் வைத்தாள். ஆயிரம் என்ற எண்ணைக் கரும்பலகையில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்போம். அதன் எடையைக் கை உணர்ந்தது அன்றுதான். நான்கு வயதுக் குழந்தை இதைச் சுமந்துபோய் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பிறகு மூன்று சுழியங்களைக் காண்கிறதாம்.

அப்பொழுது ஒரு முகம் நினைவில் எழுந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பையனை ஓராண்டு முழுதும் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். நூற்றைந்தை எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவான். குறும்பு என்றே கருதினோம். நூறுக்கு நூறு எழுதி, அதன்பின் ஐந்து எழுதியிருக்கிறான். காதால் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறான். பதினைந்து வயதில் நாம் பிரம்பால் தேடியது, நான்கு வயதில் அவன் கைக்கு எட்டாமல் போன ஒன்று. அவன் இப்போது எங்கிருக்கிறானோ, அறியோம்.

அங்கன்வாடி என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. குஜராத்தில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி கண்ட கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றியவர் தாராபாய் மோடக். பின்னர் மராட்டியக் கடற்கரையோரம் போர்டி என்ற ஊரில் பள்ளி வைத்தார். சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளியே அவர்கள் முற்றத்திற்குச் சென்றது. அங்கணம் என்றால் முற்றம். அவருக்குத் துணைநின்ற அனுதாய் வாக், பதின்மூன்று வயதில் கைம்பெண் ஆனவர். இவ்விரு பெண்மணிகள் முற்றத்தில் தொடங்கியதன் பெயரையே 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு தன் குழந்தைகள் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டது. பெயரை எடுத்துக்கொண்ட அரசு, அங்கே பணிபுரியும் பெண்ணை ஊழியராக ஏற்கவில்லை. கௌரவப் பணியாளர் என்றது. கௌரவம் அரிசிக் கடையில் செல்லுபடியாவதில்லை. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஏப்ரல் வரை ஆயிற்று.

நம் மாநிலத்திலேயே 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. அவற்றிற்கு இடைநிலை ஆசிரியர்களை மாற்றியபோது, இது பதவி இறக்கம் என்று அவர்கள் நீதிமன்றம் ஏறினர். அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கென்று அவர்கள் பயிற்சி பெற்றவரல்லர் என்பதும் உண்மை. ஆனால் முறையீட்டில் ஓங்கி ஒலித்தது பதவி என்ற சொல்லே.

சென்ற மாதம் பேத்தியைப் பெண் கேட்டு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம். தேநீர் அருந்தியபின் மூத்த அம்மையார் ஒருவர், "பொண்ணு ஆயா வேலையா பாக்குது?" என்று மெல்லக் கேட்டார். சம்பளத்தையும் கேட்டார்கள். அது நம் ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மாண்டிசோரியும் அடையாறும் நம் நாவின் நுனிவரை வந்தன. "ஆசிரியை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டோம். போனவர்கள் பிறகு தகவல் அனுப்பவில்லை. மகளுக்கு மனத்தாங்கல், "அப்பவே வணிகவியல் படிக்க வச்சிருக்கலாம்" என்று இரண்டு நாள் நம்மோடு சரியாகப் பேசவில்லை. பேத்தி எதுவும் சொல்லாமல் ஒரு அட்டைக் கட்டையும் உப்புத்தாளையும் நம்முன் கொண்டுவந்து வைத்தாள்.

உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். குழந்தை இரு விரல்களால் அதைத் தடவித் தடவி வடிவத்தை உணர்ந்தபின்பே எழுதுகோலைத் தொடும். திண்ணைப் பள்ளி மணலும், நாம் ஓதிய காலத்துப் பலகையும் நினைவுக்கு வந்தன. ஆர்வமாக 'ழ' வெட்டி ஒட்டினோம். அவள் கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அச்செழுத்தைப் பாத்து வெட்டியிருக்கீங்க நன்னா. இடையிலே மெலியக் கூடாது; பிள்ளையோட விரல் வழுக்கிப் போயிடும்" என்று திருப்பித் தந்தாள். மறுபடி வெட்டினோம், அடிச்சுழியில் கோணிற்று. மூன்றாவது தடவை வெட்டத் தாள் இல்லை. செங்கம் சாலைக் கடை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள்.