பொதுச்சுவர்

தேக்குக் கட்டை மேல் செங்கல் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு முதல் நாளே பொக்லைன் கொண்டுவருகிற காண்ட்ராக்டருக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைச் சொன்னால் இப்போது பொறாமை என்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்காரரின் மகன், "இடிக்கிறதுல என்ன சார் இருக்கு, ரெண்டு நாள் வேலை" என்று சொல்லி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். நான் மூன்று வாரம் கேட்டிருந்தேன். இந்த வருஷத்தோடு இடிக்கும் தொழிலை விடுகிறேன். அதனால் பதிலை இங்கே சொல்கிறேன்.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் பல வீடுகளுக்குச் சுவர் பொது. இரண்டு வீட்டுத் தேக்குக் கட்டைகளும் ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். முழு நீளம் கிடைக்கட்டும் என்று நெம்பி உருவினால், பழைய சுண்ணாம்பு உதிர்ந்து பக்கத்து வீட்டுக் கட்டையும் ஆட்டம் கண்டுவிடும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி, சுவரிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் ரம்பம் போடவிடுவார். உள்ளே நிற்கும் துண்டுகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுத்து, அன்றைக்கே செங்கல் வைத்து அடைக்க வேண்டும். குறுக்குச் சுவர்களையும் ஒட்ட வெட்டாமல் இரண்டடி மிச்சம் வைப்பார்; பொதுச்சுவருக்கு அதுதான் முட்டு. வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து காபி குடிப்பார். நாங்கள் சிரிப்போம். அந்தப் பக்கம் மாடமும் அலமாரியும் எங்கே குடைந்திருக்கிறது, சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்க்கப் போனவர் அவர்.

மரம் நீளம் குறைந்தால் விலை குறையும். அந்த நஷ்டம் எங்களுடையது. பழைய தேக்குக்கும் கதவுக்கும் செங்கல்லுக்கும் நாங்கள்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம். அதிகம் தருகிறவனுக்கு வீடு. அதிகம் தந்தவன் எதில் பிடிப்பான்? கட்டையை உருவுவான், முட்டுக் கொடுக்கமாட்டான். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டுக்கென்றே மாநகராட்சி ஆலை இருக்க, ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டுவான். இடிபாட்டுக்கான மத்திய அரசு விதிகள் 2016-லேயே வந்துவிட்டன.

மவுலிவாக்கத்தில் 2014-ல் ஒரு அடுக்குமாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற கட்டடத்தை 2016-ல் வெடி வைத்துத் தகர்த்ததை ஊரே டிவியில் பார்த்தது. அன்றிலிருந்து இடிப்பது என்றால் சில நொடி வேலை என்று நினைப்பு. தூண்களில் துளை போட்டதையும் சுற்றியிருந்தவர்களை வெளியேற்றியதையும் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இப்போது பள்ளம் தோண்டுவதற்குத் தனி ஆள். பக்கத்து வீட்டு அஸ்திவாரம் எத்தனை அடி என்று அவன் கேட்பதில்லை, இடித்தவனும் சொல்வதில்லை. அந்த ஆழத்துக்குக் கீழே போகிற பள்ளத்தைத் துண்டு துண்டாகத்தான் வெட்ட வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக வெட்டிவிட்டு, ராத்திரி மழை பெய்தால் வருணனைத் திட்டுகிறார்கள்.

வீட்டை இடிக்கக் கொடுக்கிறவர்கள் ரேட் கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் காண்ட்ராக்டரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் வாசலில் நின்று போனில் பேசுகிறவரானால், அவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.