ஒரு கேள்வி, ஒன்றரை மணி நேரம்

2005-ல் நடந்த கதை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர் விளையாட்டாக ஒரு ப்ரோக்ராம் எழுதினார்கள். பெயர் ஸைஜென். பட்டனைத் தட்டினால் போதும், ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்து விழும். வரைபடம், மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் பக்காவாக இருக்கும். அர்த்தம் மட்டும் இருக்காது. அப்படி விழுந்த ஒன்றை, ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் நடக்கவிருந்த ஒரு இன்ஃபர்மேட்டிக்ஸ் மாநாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

'வாங்க, வாங்க' என்று பதில் வந்துவிட்டது!

விஷயம் வெளியே தெரிந்து ஊரே சிரித்ததும் அழைப்பை வாபஸ் வாங்கினார்கள். படித்துப் பார்க்க வேண்டியவர்களிடமிருந்து பதில் வரவில்லை, அதனால் 'மதிப்பீடு செய்யப்படாத கட்டுரை' என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டோம் என்பது மாநாட்டுக்காரர்களின் விளக்கம். பையன்கள் விடவில்லை. அதே ஹோட்டலில் வாடகைக்கு ஒரு அறை பிடித்து, தாங்களே ஒரு செஷன் நடத்தி, அர்த்தமில்லாத கட்டுரைகளை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

எல்லோரும் அந்த ப்ரோக்ராமின் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கட்டுரையை அழைப்பு அனுப்பும்வரை யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை. கடை திறந்திருக்கிறது, கல்லாவில் ஆள் இல்லை.

அங்கே உட்கார வேண்டிய ஆள் யார்? செஷன் கேட்டு வாங்கியவர்தான்.

இந்த ஏற்பாடு வெளியில் பல பேருக்குத் தெரியாது. ஹவாயில் 1968-லிருந்து ஒரு சிஸ்டம்ஸ் மாநாடு நடக்கிறது. அங்கே மினி ட்ராக் என்பார்கள். மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்னாலேயே சில பேராசிரியர்கள் சேர்ந்து, 'இன்ன விஷயத்தைப் பேச எங்களுக்கு இடம் கொடுங்க' என்று விண்ணப்பம் போடுவார்கள். இடம் கிடைத்ததும் ஆரம்பிக்கும் உழைப்பு. ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பணும். வருகிற ஒவ்வொரு கட்டுரையையும் விஷயம் தெரிந்தவர்களிடம் படிக்கக் கொடுக்கணும். படிக்காமல் டபாய்ப்பவரைத் துரத்தணும். தேறாதவர்களுக்கு ஏன் தேறவில்லை என்று மரியாதையாக எழுதணும். இவ்வளவும் முடிந்தால் கையில் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரமும் மூன்று நான்கு கட்டுரைகளும். சம்பளம்? மூச்!

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பெண் இருக்கிறார். தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் நடத்துகிறவர். ஒரு வெளிநாட்டு மாநாட்டில் செஷன் கேட்பதற்காக எழுதிய விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து, 'எழுதறது உங்க தொழில்தானே அங்கிள், கொஞ்சம் பாருங்களேன்' என்றார். நான் பி.காம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை. இருந்தாலும் வாங்கிப் பார்த்தேன்.

ஏ.ஐ., பிளாக்செயின், க்ளவுட், பிக் டேட்டா, சைபர் செக்யூரிட்டி என்று 22 தலைப்புகள். டிபன் கடை போர்டு மாதிரி இருந்தது.

'இதுல உனக்கே நிஜமா தெரிஞ்சுக்கணும்னு இருக்கறது எதும்மா?' என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கும் மிஷின் வந்த புதிதில் பாட்டிக்கு ரேகை விழவில்லை. வீட்டு வேலை செய்து செய்து தேய்ந்த விரல். மூன்று நாள் நடந்தும் அரிசி வாங்க முடியவில்லை. நாலாவது நாள் இவர் கூடப் போனார். கடைக்காரர் நல்ல மனிதர். எதையோ செய்து வாங்கிக் கொடுத்துவிட்டார்.

'அது இல்ல அங்கிள் விஷயம். மேல ஆபீஸ்ல உக்காந்து ரிப்போர்ட் பாக்கறாரே, அவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? கடைக்கு வந்தும் கிடைக்காம போனவங்க, கடைக்கு வராமலே இருந்தவங்க, ரெண்டு பேரும் அந்தக் கணக்குல ஒண்ணாத்தான் தெரிவாங்களா?'

எனக்குச் சிலிர்த்துவிட்டது. 22 தலைப்பும் சேர்ந்து கேட்காத கேள்வி இது. ரேஷன் கடைக்கு மட்டுமா? பென்ஷன், ஆஸ்பத்திரி, ஸ்காலர்ஷிப், மிஷின் வைத்த எந்தக் கவுன்ட்டருக்கும் பொருந்தும். கென்யாக்காரரும் பிரேசில்காரரும் இதைப் பேச வருவார்கள். 'இதை எழுதும்மா, மத்ததை அடி' என்றேன்.

இந்தத் துறையே ஒரு கேள்வியோடு பிறந்ததுதான். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸுக்கான சர்வதேச மாநாடு முதன்முதலில் 1980-ல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியபோது, பீட்டர் கீன் என்பவர் எழுந்து நாம் எதைத்தான் ஆராய்கிறோம், ஒருவர் வேலைமேல் இன்னொருவர் எப்படிக் கட்டப்போகிறோம் என்று கேட்டார். அதே மாநாடு 2020-ல் ஹைதராபாத்துக்கு வருவதாக இருந்து, கொரோனாவால் இன்டர்நெட்டிலேயே முடிந்து, ஒரு வழியாக 2023-ல் வந்து சேர்ந்தது. மாநாடு நம் பக்கம் வந்தால் போதாது. நம் கேள்விகளும் நிகழ்ச்சி நிரலில் ஏறவேண்டும். யாராவது கேட்டு வாங்கினால்தான் ஏறும்.

நம் ஊரில் இதற்குக் குறுக்கே நிற்பது சர்டிஃபிகேட். 2010-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிமுறையில் கான்ஃபரன்ஸில் கட்டுரை வாசித்தால் பதவி உயர்வுக்கு மார்க் உண்டு. விதிகள் பின்னால் மாறின. பழக்கம் மாறவில்லை. ஃபீஸ் கட்டி, பத்து நிமிடம் வாசித்து, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுகிற ஆசிரியர்கள் எத்தனை பேர்! அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தாங்கள் எழுதியதை யாராவது படித்து 'இந்த இடம் தப்பு ஸார்' என்று சொல்லமாட்டார்களா என்ற ஏக்கம் அவர்களிலும் பலருக்கு உண்டு.

ஸைஜென் எழுதியது உளறல். ஒரு பக்கம் படித்திருந்தால் பிடித்திருக்கலாம். 2014-ல் ஸ்ப்ரிங்கர், ஐ.ஈ.ஈ.ஈ. என்ற இரு பெரிய வெளியீட்டாளர்கள் அந்த ரகத்தில் 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. இன்றைய ஏ.ஐ. எழுதுவதோ வழவழவென்று, சரியாக இருப்பது போலவே இருக்கிறது. ஒரு பக்கம் புரட்டினால் போதாது. விஷயம் தெரிந்தவர் நிதானமாக உட்கார்ந்து படிக்கணும்.

அதனால் செஷன் கேட்கப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. தலைப்பைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். முதலில் ஒரு வெள்ளைத்தாளில், வரும் கட்டுரைகளை வரிவிடாமல் படிப்பார்கள் என்று நீங்கள் நம்பும் ஆறு பேரின் பெயரை எழுதுங்கள். ஆறு தேறவில்லையா? இந்த வருஷம் விண்ணப்பம் வேண்டாம். ஆளைத் தேடுங்கள்.